பன்னிரண்டாம் மாடிக்குப் பிடித்த கிரகணம்

“…மறைக்கிறது வேற, முழுங்குறது வேற அண்ணே. கான்கிரீட் மறைக்குது, நான் இல்லேங்கல. ஆனா மேல வச்சிருக்காங்களே சோலார், அது சூரியனை முழுங்குது. ராகு என்ன பண்ணுது, மறைக்குதா முழுங்குதா? நீங்களே சொல்லுங்க.”

ஐம்பத்தெட்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஆறிப்போன காப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கேட்டவர் அந்த வீட்டுச் சம்பந்தியம்மா. பாசிர் ரிஸ்ஸிலிருந்து தீவின் இந்தக் கோடிக்கு ரயிலேறி வந்திருந்தார். வந்த காரியம் ஒன்றுதான்: ஏழு மாதம் முடிந்த மருமகளைத் தாய்வீட்டிலிருந்து தன் வீட்டுக்கே திருப்பி அழைத்துப் போவது. மருமகளின் துணிகளை அடைத்த நீலப் பெட்டி வாசற்கதவை ஒட்டி நின்றது. அதை அடைத்தவரும் அவரேதான்.

பெண்ணின் அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். பதினாறு வருடமாக அவர் என்னை அண்ணே என்று கூப்பிட, நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட, கூப்பிட்டுக் கூப்பிட்டே உறவானவர்கள் நாங்கள். தங்கச்சி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். லிப்டில் தொடங்கியது.

புக்கிட் பாத்தோக்கில் எங்களுடையது பன்னிரண்டு மாடி புளோக். நாங்கள் பன்னிரண்டாவது. எங்கள் தலைக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே வானம் என்றுதான் வெகு காலம் இருந்தது. ஒருநாள் லிப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கூரையில் சோலார் தகடுகள் பொருத்தப் போகிறோம், அந்த மின்சாரம் லிப்டுக்கும் நடைபாதை விளக்குகளுக்கும் உதவும், சத்தத்துக்கு வருந்துகிறோம். நான்கு மொழிகளிலும் இதைத்தான் எழுதியிருந்தார்கள். படித்தவர்கள்தான் ஆளுக்கு ஒன்றாகப் படித்தார்கள்.

புளோக்கின் அடியில் தூண்களுக்கு நடுவே ஒரு கல் மேசை இருக்கிறது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் உலக நடப்பு தானாக வந்து காதில் விழும். ஒன்பதாம் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். கண்ணாடி சூடானால் மேகம் கிட்டே வராது, இனி நம் பக்கம் மழை கிடையாது என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாம் வாரம் விடாமல் மழை பெய்தது. சூடு ஏறினால்தானே மேகம் கூடும், அன்றைக்கே சொன்னேனே என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். எந்த வானிலைக்கும் தோற்காத மனிதர்.

ஐந்தாம் மாடியில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மாள் நடைபாதையில் தட்டு வைத்து நெத்திலி காயவைப்பவர். ஒரு நாளில் காய்ந்த நெத்திலிக்கு இப்போது இரண்டு நாள் ஆகிறது, வெயிலை எல்லாம் மேலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்த வாரம் முழுக்க வானம் மூடிக் கிடந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. வானம் பழசு, தகடுதானே புதுசு. பழியை யாரும் புதிதாக வந்தவர் மேல்தான் போடுவார்கள்.

எல்லாவற்றையும் தூக்கி அடித்தது லிப்ட் பேச்சு. மேகமூட்டமான ஒரு காலையில் என்னோடு ஏறிய ஒருவர், மூன்றாம் மாடி தாண்டும்போது மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தீங்களா, இன்னைக்கு இழுக்க மாட்டேங்குது.” அன்றைக்குத் தகடுகள் கூரைக்கே போய்ச் சேரவில்லை. அட்டைப்பெட்டிக்குள் கார்நிறுத்துமிடத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும், அவர் சொன்ன பிறகு எனக்கும் லிப்ட் கொஞ்சம் மெதுவாகப் போவதுபோலத்தான் இருந்தது.

லிட்டில் இந்தியாவில் எனக்கு முடிவெட்டுபவர், முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று பல வருடமாகச் சொல்லிவந்தவர். அந்த மாதம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, உங்கள் புளோக்கில் சோலார் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் என் உச்சந்தலையைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கே கொட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதை அவர் ஒரு தடையாகவே நினைக்கவில்லை.

இதில் நான் நிபுணர். சிரிக்க வேண்டாம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம், இந்தத் தகடுகளை லாரியில் ஏற்றி தீவு முழுக்கக் கொண்டுபோய் இறக்கியவன் நான். அதனால் புளோக்கில் யாருக்கு சோலார் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். “ஏரோபிளேன்ல டீ குடுக்கிறவர்கிட்டயா எஞ்சின் பத்திக் கேப்பாங்க?” என்றாள் என் வீட்டுக்காரி. அவள் அப்படித்தான். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்: லாரி ஓட்டத் தொடங்கிய முதல் மாதம் நானே பயந்தவன்தான். வெயிலில் நிறுத்தினால் தகடுகள் கரண்டைக் குடித்துக் குடித்து நிரம்பி, இறக்கும்போது ஆளை அடித்துவிடும் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டிக்குள் வெயில் எப்படிப் போகும் என்று தோன்றவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மர நிழல் தேடி லாரியை நிறுத்துவேன். மரியாதையான டிரைவர், சரக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று முதலாளி எல்லோரிடமும் என்னைப் புகழ்ந்தார். நான் மறுக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். தங்கச்சி வீட்டில் அப்படி இருக்கவில்லை.

தங்கச்சி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். தலைப்பிரசவத்துக்கு அவருடைய அம்மாவால் வரமுடியவில்லை. பாஸ்போர்ட் கைக்குக் கிடைத்து அந்த அம்மாள் வந்து இறங்கியபோது குழந்தைக்குப் பல் முளைத்திருந்தது. வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. கணவர் வேலைக்குப் போனதும், பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே தன் வெந்நீரைத் தானே காய்ச்சிக் குளித்தவர் தங்கச்சி. இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, மகளுக்குத் தலைப்பிரசவம் பார்ப்பது ஒன்றைத்தான் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் மகள் உண்டானது தெரிந்த நாளிலிருந்து தயாரானார். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்கு லீவு சொன்னார். அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். சிராங்கூன் சாலைக்கு மூன்று நடை போய் சுக்கு, பூண்டு, பெருங்காயம், பத்தியச் சாமான் எல்லாம் வாங்கிப் புட்டிகளில் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினார். ஸ்பிரிங் தொட்டில் வந்தது. அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான். ஆட்டிப் பார்க்க ஒரு ஐந்து கிலோ அரிசி மூட்டையை அதில் போட்டு, தங்கச்சி வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். அரிசி அழவில்லை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கை நிறைய வளையலோடு மகளை அழைத்து வந்துவிட்டார். அடுத்த வாரம் சம்பந்தியம்மா பலகாரத்தோடு பார்க்க வந்தார். வந்தவர் லிப்டில் ஏறினார். அறிவிப்பு இன்னும் அங்கேதான் ஒட்டியிருந்தது. ஓர் அறிவிப்பைப் படிக்கப் பன்னிரண்டு மாடி தாராளம். ஒரு முடிவுக்கு வரவும் அது போதும்.

அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து போன் போட்டார். மேல்மாடிதானே, தகட்டுக்கு நேர் கீழேதானே பெண் படுக்கிறாள் என்று கேட்டார். மறுநாள், ஸ்பிரிங் தொட்டில் இரும்புதானே, மேலே இருக்கிற கரண்ட் அதைத் தேடி வராதா என்று கேட்டார். அதற்கடுத்த நாள் கிரகணம் என்ற சொல் வந்தது. சூரியனுக்கும் வீட்டுக்கும் குறுக்கே ஒன்று வந்து நின்று வெயிலைத் தின்றால் அதற்கு என்ன பெயர்? மற்ற ஊருக்கெல்லாம் எப்போதோ ஒருமுறை பிடிக்கிற கிரகணம் உங்கள் வீட்டுக்கு நித்தமும் பிடிக்கிறது என்றார். இரண்டு வாரம் இதே பேச்சு. தங்கச்சி ஒவ்வொரு தடவையும் சரி சம்பந்தி, பார்க்கிறேன் சம்பந்தி என்பார். போனை வைத்ததும் மேலே கூரையைப் பார்ப்பார்.

சம்பந்தியம்மாவை நான் குறைவாகச் சொல்வதாக நினைக்கக் கூடாது. அவருடைய சொந்தத் தங்கை முதல் குழந்தையைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவர். கிரகணத்தன்று மாடியில் துணி காயப்போட்டாள், அதனால்தான் என்று ஊர் சொல்லிவிட்டது. அந்தத் துணிக்கொடியை அன்றைக்குக் கட்டிக் கொடுத்தவர் சம்பந்தியம்மா. இதை என்னிடம் சொன்னது மருமகள்தான். சொல்லிவிட்டு, “அத்தைக்கு என்மேல ரொம்பப் பாசம் அங்கிள், அதான் பிரச்சனையே” என்றாள்.

அந்த ஞாயிறு சம்பந்தியம்மா மகனோடு வந்தார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்லா மாப்பிள்ளைகளையும்போல அவரும் கைப்பேசியைப் பார்த்தபடியே உள்ளே நுழைந்தார். தங்கச்சி மீன்குழம்பு வைத்திருந்தார். சம்பந்தியம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவி, மஞ்சள் அறைக்குள் போய் மருமகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினார். கிரகண நேரத்தில் சமைக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது என்பது அவருக்கு அடுக்கி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு சாப்பாட்டுக்கு முன்னால் வந்திருந்தால் மீன்குழம்பு வீணாகியிருக்கும்.

அப்போதுதான் தங்கச்சி வந்து என் கதவைத் தட்டினார். “நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். கண் கலங்கியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நிபுணர் என்ற பெயருக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது.

முதலில், அது வெறும் கண்ணாடி, அதிலிருந்து எந்தக் கதிரும் கீழே இறங்காது என்றேன். மாப்பிள்ளையும் தைரியம் வந்து, “மா, சும்மா கிளாஸ் லா. இன்டர்நெட்ல பாருங்க” என்றார். “இன்டர்நெட்டா புள்ள பெத்துக்கப் போகுது?” என்று கேட்டு அவரை மறுபடியும் கைப்பேசிக்குள் அனுப்பிவிட்டார் சம்பந்தியம்மா.

இரண்டு வருடம் அவற்றைத் தொட்டுத் தூக்கியவன் நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். முடிவெட்டுபவரின் பார்வையேதான்.

உங்கள் பாசிர் ரிஸ் புளோக்கிலும் சோலார் இருக்கிறது, அதை இறக்கியதே நான்தான் என்றேன். இதில் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். “எங்களுது நாலாம் மாடி அண்ணே. மேல எத்தனை வீடு இருக்கு. பிடிக்கிறது அவங்களைப் பிடிச்சுட்டுத்தானே கீழ வரணும்?” என்றார். மேல்வீட்டுக்காரர்கள் எதற்கெல்லாம் பயன்படுகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு செய்தேன் ஒரு காரியம். அதை நினைத்தால் இன்னமும் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. மேலிருக்கும் தகடு கூரைக்கு நிழல் கொடுக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் மூன்று மணிக்கு இந்தக் கூடத்தில் உட்கார முடியாது, கூரை அப்படிக் கொதிக்கும், இப்போது பாருங்கள், மின்விசிறி இரண்டாம் எண்ணில் சுற்றினாலே போதுமாக இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முழங்கினேன். சம்பந்தியம்மா மின்விசிறியைப் பார்த்தார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தெளிந்தது.

“கிரகணத்தன்னைக்கும் இப்படித்தான் சூடு குறையும்” என்றார்.

தங்கச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். தப்பைச் சரிக்கட்ட, தகடு வருவதற்கு முன்னாலும் சூரியனுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் கான்கிரீட் கூரை இருந்ததே, அப்போது மட்டும் கிரகணம் இல்லையா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: மறைக்கிறது வேறு, விழுங்குவது வேறு.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல வாதமாகவே பட்டது. லாரியை நிழலில் நிறுத்தியவனுக்கு அதற்குமேல் என்ன பேச்சு? மருமகள் முறுக்கு கடிப்பதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை டாக்சியை எப்போது கூப்பிடுவது என்று மெதுவாகக் கேட்டார். சம்பந்தியம்மா பெட்டியின் கைப்பிடியை நிமிர்த்தினார்.

“சம்பந்தி,” என்றார் தங்கச்சி.

சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார். சத்தம்கூட இல்லை. “அப்ப இப்ப கிரகணம் பிடிச்சிருக்குங்குறீங்க.”

“ஆமா. அதைத்தானே ரெண்டு வாரமாச் சொல்றேன்.”

“எப்ப விடும்?”

“அது எங்க விடுறது? தகடு இருக்கிற வரைக்கும் இருக்கும்.”

“கிரகணம் விடாம புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட விடலாமா சம்பந்தி?”

மின்விசிறி இரண்டாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா வாசற்கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நடைபாதையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எப்போதும்போல நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்கு அது வெயிலாகத் தெரியவில்லை. கிரகணத்தில் கர்ப்பிணி வீட்டுக்குள் இருக்க வேண்டும், வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. இது அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தன் தங்கையை நினைத்தாரோ, துணிக்கொடியை நினைத்தாரோ. கைப்பிடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

மாப்பிள்ளைக்கு அப்போதுதானா மூளை வேலை செய்ய வேண்டும்? கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, “மா, ராத்திரியில சூரியனே இல்லையே. ராத்திரி கூட்டிட்டுப் போலாம்ல?” என்றார்.

தங்கச்சியின் முகம் செத்துப்போனது. படித்த பிள்ளை, கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார்.

“ராத்திரியிலயா?” சம்பந்தியம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். “நெறமாசத்தை நெருங்குற பொண்ணை, தீவோட அந்தக் கோடிக்கு, ராத்திரியிலயா? புத்தி இருக்காடா உனக்கு?”

அந்தக் கேள்வியோடு கடைசிக் கதவையும் தானே சாத்தி விட்டோம் என்பது சம்பந்தியம்மாவுக்கும் அந்த நொடியில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் யாரையும் பார்க்கவில்லை, எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெட்டியின் கைப்பிடியை உள்ளே அழுத்தி, தானே தள்ளிக்கொண்டு மஞ்சள் அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதை நாங்கள் நான்கு பேரும் கூடத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தங்கச்சி சுவரில் சாய்ந்துகொண்டார்.

பிறகு சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்தபடி வெளியே வந்தார். டாக்சிப் பயணத்தில் மருமகளின் மடியில் வைப்பதற்காக லிட்டில் இந்தியாவில் இறங்கி வாங்கி வந்திருந்த தர்ப்பைக் கட்டு அதற்குள் இருந்தது. சமையலறைக்குப் போய், கிரகண தோஷம் அண்டாமல் இருக்கப் பால் சட்டியில் ஒரு புல் போட்டார். அரிசி டப்பாவில் ஒன்று, குளிர்பெட்டியைத் திறந்து இட்லி மாவில் ஒன்று, பெயர் எழுதி ஒட்டிய பத்தியப் புட்டிகளின் மேல் ஒவ்வொன்று வைத்தார். மருமகளின் முறுக்குத் தட்டில் ஒன்று வைத்து, தின்னு என்று தலையாட்டினார். கடைசியாக என் எதிரே வந்து நின்றார். “நீங்கதானே இதையெல்லாம் லாரியில ஏத்திட்டு வந்தவரு” என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு புல்லை என் சட்டைப் பையில் செருகினார்.